ஒரே விலை, ஒரே பூட்டு: லைப்ரரியைத் தொடும் முன்னாடி

போடிநாயக்கனூர் தெரியும்ல? ஏலமலையில விளையிற காய், ஸ்பைசஸ் போர்டோட இ-ஏலத்துக்கு வர்ற ஊர். ஒரு பேச்சுக்கு, வியாபாரிங்க விலையை மூடி அனுப்புற மாதிரி ஒரு ஆப் எழுதறோம்னு வைங்க.

ஜாவால வெறும் 'ஏஇஎஸ்'னு மட்டும் கேட்டா, வழக்கமா ஈசிபி முறைதான் கிடைக்கும். அதுல ஒரே கீ, ஒரே விலைன்னா, என்க்ரிப்ட் ஆகி வர்றதும் ஒண்ணேதான். டேட்டாபேஸை எட்டிப் பார்க்க முடிஞ்ச வியாபாரி ஒருத்தர், 2,400, 2,401னு தன் விலையை மாத்தி மாத்தி அனுப்பி ஒப்பிட்டாலே போதும். கீ இல்லாமலே அடுத்தவர் விலை தெரிஞ்சிடும். ஒரு ரூபாய் கூட்டி லாட்டை எடுத்துடுவார். நஷ்டம் தோட்டக்காரருக்கு.

இது வெறும் கற்பனை இல்ல. 2013-ல அடோபி நிறுவனத்துல திருடுபோன பாஸ்வேர்டுகள் ஈசிபி முறையிலதான் இருந்துச்சு. ஒரே பாஸ்வேர்டு வச்சவங்க எல்லாம் வரிசையா ஒரே மாதிரி தெரிஞ்சாங்க. பக்கத்துலயே அவங்க எழுதின குறிப்பு வேற! பல பாஸ்வேர்டுகளை ஊகிச்சே கண்டுபிடிச்சாங்க.

ரெண்டு இடத்துலயும் ஏஇஎஸ் மாதிரி அல்காரிதத்தை யாரும் உடைக்கல. தேர்ந்தெடுத்த முறைதான் தப்பு.

அதனால லைப்ரரியை இறக்கும் முன்னாடி மூணு கேள்வி:

ஒவ்வொரு தடவையும் புது நான்ஸ் போகுதா?
நடுவுல யாராவது மாத்தினா தெரியுமா?
கீ எங்க இருக்கு?

முதல் ரெண்டுக்கும் ஜிசிஎம் பதில் சொல்லும். ஆனா அதே கீயோட அதே நான்ஸ் திரும்ப வந்தா, அதுவும் கைவிட்டுடும்.

இன்னைக்கே உங்க கோடுல ஒரே வார்த்தையை ரெண்டு தடவை என்க்ரிப்ட் பண்ணிப் பாருங்க. ரெண்டும் ஒண்ணா வந்தா, அந்தக் கோடு இன்னும் தயாராகல.