விடுதிக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்டீர்களா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் மாறி மாறி வேலை பார்க்கும் தம்பதிக்கும், எப்போது மாற்றல் வருமோ என்றிருக்கும் ஆவடி மத்திய அரசு ஊழியருக்கும் விடுதிப் பள்ளி ஆடம்பரம் அல்ல, தேவை. பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியைப் பாருங்கள். வெளியூர்ப் பிள்ளைகள் அங்கேயே தங்கி பிரெயிலில் படிக்கிறார்கள். விடுதி இல்லையென்றால் அவர்களில் பலருக்குப் படிப்பே எட்டியிருக்காது. அதனால், பிள்ளையை விடுதியில் விடுவதே பாவம் என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

என் கவலை வேறு. சேர்க்கை சமயத்தில் நாம் கேட்பதெல்லாம் என்ன? நீட்டில் எத்தனை பேர் தேறினார்கள், அறையில் ஏசி உண்டா, வாரத்தில் எத்தனை நாள் சிக்கன். விடுதிக்கு கலெக்டர் கொடுத்த உரிமம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. வாசல் போர்டில் சி.பி.எஸ்.இ. எண் இருந்தால் எல்லாம் சரி என்று நினைத்துவிடுகிறோம். அது வகுப்பறைக்கான அங்கீகாரம். பிள்ளை இரவில் படுத்துறங்கும் இடத்துக்கு அது போதாது.

2014 ஜூனில் பொள்ளாச்சியில் விடுதியில் தங்கியிருந்த இரண்டு சிறுமிகள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தும் சட்டத்தை அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. மாவட்ட ஆட்சியரின் உரிமம் இல்லாமல் இத்தகைய விடுதியை நடத்துவது அதன்படி குற்றம். சட்டம் வந்து 8 ஆண்டுகள் ஆன பிறகு, 2022 ஜூலையில், கள்ளக்குறிச்சி மாவட்டம் கனியாமூரில் பள்ளி விடுதியில் தங்கியிருந்த ஒரு பிளஸ் டூ மாணவி இறந்தார். அந்தப் பள்ளி விடுதி உரிமம் இல்லாமலே நடந்துவந்தது குழந்தைகள் உரிமை ஆணையத்தின் விசாரணையில் தெரிந்தது. பெரிய பள்ளி, ஆயிரக்கணக்கான பிள்ளைகள். ஒரு பெற்றோராவது முன்பே கேட்டிருந்தால் என்று தோன்றாமல் இல்லை.

ஆவடி, பூந்தமல்லி விடுதிகளுக்கு உரிமம் தருபவர் திருவள்ளூர் கலெக்டர். அம்பத்தூர் 2018-இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டதால் சென்னை கலெக்டர். பிள்ளையை நாமக்கல்லில் சேர்த்திருந்தால் நாமக்கல் கலெக்டர். விடுதி எங்கே இருக்கிறதோ அந்த மாவட்டம்தான் கணக்கு. உரிம நகலைப் பள்ளி காட்டவில்லையென்றால் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுங்கள், தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம்.

சேர்த்த பிறகு இன்னொன்றைக் கவனியுங்கள். பிள்ளை போனில் பேசும்போது வார்டன் பக்கத்திலேயே நின்றால், வீட்டுக்கு வரும்போது ஏதேதோ காரணம் சொல்லித் திரும்பப் போக மறுத்தால், "அடம் பிடிக்கிறான்" என்று அடக்காதீர்கள். தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. பாலியல் தொல்லை என்றால் போக்சோ சட்டம். விஷயம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைப்பதே அதில் குற்றம். தன் ஊழியர் செய்ததை மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. "பள்ளி பேர் கெட்டுவிடும், உள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்று நிர்வாகம் சமாதானம் பேச வந்தால் இதை நினைவில் வையுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ நீங்களும் அழைக்கலாம், பிள்ளையும் அழைக்கலாம். அந்த எண்ணைப் பிள்ளைக்கு மனப்பாடம் ஆக்கிவிடுங்கள்.

பலர் வாய் திறக்காததற்குக் காரணம் டி.சி. பயம். பாக்கியைக் கட்டினால்தான் டி.சி. என்று மிரட்டினால், இதைச் சொல்லுங்கள்: மாற்றுச் சான்றிதழ் கட்டண வசூலுக்கான கருவி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கட்டணப் பாக்கி என்று அதில் எழுதவும் கூடாது என்றது அந்தத் தீர்ப்பு.