கண்மாய் ஒன்று, பொறுப்பாளர் பலர்

குளத்தூர் வட்டாரத்தில் வானம் பொழிந்தால் கண்மாய் நிறையும். கண்மாய் நிறைந்தால் உலை கொதிக்கும்.

அக்கண்மாய்க்குப் பொறுப்பாளர் யார்? 40 ஹெக்டேருக்கு மேல் பாசனமுடையவை நீர்வளத் துறையைச் சார்ந்தவை. 2021 வரை அது பொதுப்பணித் துறையின் பிரிவாயிருந்தது. சிறியவை ஊராட்சி ஒன்றியத்தைச் சார்ந்தவை. நிலமோ வருவாய்த் துறைக் கணக்கில்! மேற்கண்மாயின் கலிங்கு வழிந்தே கீழ்க்கண்மாய் பெருகும். மேலது ஒன்றியத்திற்கும் கீழது துறைக்கும் உரியதாயின், இடையிலுள்ள வரத்துவாரி தூர்ந்தால் எவர் கதவைத் தட்டுவது?

முற்காலத்தில் ஊரார் கூடிக் குடிமராமத்துச் செய்தனர். 2017-இல் அரசு அதற்குப் புத்துயிர் அளித்தது. செலவில் 10 விழுக்காடு உழவர் பங்கு. 2000-ஆம் ஆண்டுச் சட்டமோ பாசனச் சங்கங்களை ஏற்படுத்தியது. நல்லதே. ஆயினும் அங்கு வாக்குரிமை நிலமுடையோர்க்கே. அக்கண்மாய்க் கரையிலேயே ஆடுமாடு வளர்த்துப் பிழைக்கும் நிலமற்ற குடும்பங்களுக்கு இல்லை.