டிக்கியில் ஒரு எண், பானெட்டுக்குள் வேறு இன்ஜின்

நிஸான் 180எஸ்எக்ஸ் 1989-ல் ஜப்பானில் வந்தபோது பெயரும் காரும் ஒத்துப்போயின. உள்ளே இருந்தது 1.8 லிட்டர் இன்ஜின். 1991-ல் அதை எடுத்துவிட்டு 2 லிட்டர் இன்ஜினை வைத்தார்கள், பெயரை மாற்றவில்லை. 1998-ல் தயாரிப்பு நிற்கும்வரை அது 180எஸ்எக்ஸ்தான். அதே காரை ஐரோப்பாவில் 200எஸ்எக்ஸ் என்று விற்றார்கள். அதில் 1.8 லிட்டர்! அமெரிக்காவுக்குப் போன 240எஸ்எக்ஸில் மட்டும்தான் எண் கடைசிவரை பொய் சொல்லவில்லை. நிஜமாகவே 2.4 லிட்டர். ஆனால், டர்போ கிடையாது.

எல்லாமே எஸ்13 என்ற ஒரே அடித்தளத்தில் பிறந்தவை. கூபே உடல் கொண்ட சில்வியா 1988-ல் வந்தது. அதன் வகைகளுக்குச் சீட்டுக்கட்டிலிருந்து பெயர் எடுத்தார்கள்: ஜே’ஸ், க்யூ’ஸ், கே’ஸ். ஜாக்கியும் ராணியும் டர்போ இல்லாதவை. ராஜாவுக்கு மட்டும் டர்போ. 1.8 லிட்டர் டர்போ 175 குதிரைத்திறன், பிறகு வந்த 2 லிட்டர் டர்போ 205. அமெரிக்க 240எஸ்எக்ஸின் முதல் இன்ஜின் 140 குதிரைத்திறன்தான். 1991-ல் அது 155 ஆனது. அந்த கேஏ24 இன்ஜின் நிஸானின் பிக்கப் டிரக்கிலும் ஓடியது. வார்ப்பிரும்பு பிளாக், நீண்ட ஸ்ட்ரோக். சுமை இழுக்கச் சளைக்காது, ஆனால் உயர் ஆர்.பி.எம்மில் துள்ளாது.

முகமும் இடம் மாறியது. ஜப்பானிய சில்வியாவுக்கு நிலையான ஹெட்லைட். அதே கூபே உடல் அமெரிக்காவுக்குப் போனபோது 180எஸ்எக்ஸின் எழும்பி மடங்கும் ஹெட்லைட்டைப் பொருத்தி அனுப்பினார்கள். ஜப்பானிய இளைஞர்கள் தலைகீழாகச் செய்தார்கள்: மோதி நசுங்கிய 180எஸ்எக்ஸுக்கு சில்வியாவின் முகத்தை மாட்டினார்கள். அதுதான் சிலெய்ட்டி. ‘இனிஷியல் டி’ மாங்கா படித்தவர்களுக்குத் தெரிந்த கார்.

ஆக, டிக்கியில் ஒட்டிய பேட்ஜை நம்பி இந்தக் கார்களை வாங்க முடியாது. பேட்ஜ் ஸ்க்ரூகூட இல்லாமல் ஒட்டுகிற பொருள். சேஸிஸ் குறியீட்டைப் பார்க்க வேண்டும். 1.8 லிட்டர் சில்வியா எஸ்13. 2 லிட்டர் என்றால் பிஎஸ்13. 180எஸ்எக்ஸ் ஆர்எஸ்13 ஆகப் பிறந்து ஆர்பிஎஸ்13 ஆனது. ஒரு எழுத்துதான் வித்தியாசம். காசு போவது அந்த ஒரு எழுத்தில்தான். நிஸானின் ஸ்கைலைனில் இது இன்னும் பெரிய பணம். ஆர்32 ஜிடி-ஆர் என்றால் குறியீடு பிஎன்ஆர்32. ஹெச்சிஆர்32 என்று இருந்தால் அது பின்சக்கர இழுவை ஜிடிஎஸ்-டி. பம்பரும் பேட்ஜும் என்ன சொன்னாலும் சரி. ஜிடி-ஆரின் இன்ஜினையே கொண்டுவந்து வைத்தாலும் அது ஜிடி-ஆர் ஆகிவிடாது. அந்த இன்ஜினின் ஆயில் சம்புக்குள்ளேயே முன்சக்கர டிஃபரென்ஷியல் உட்கார்ந்திருக்கிறது. பின்சக்கர இழுவை காரில் வைக்க முதலில் அந்தச் சம்பையே மாற்ற வேண்டும்.

இனி இன்ஜின் மாற்றும் கதை. ஜப்பானின் 2 லிட்டர் டர்போவான எஸ்ஆர்20டிஇடி-யை அமெரிக்க 240எஸ்எக்ஸில் வைப்பது, இந்தத் தொழிலிலேயே சுலபமான வேலை என்று பெயர் வாங்கியது. காரணம் எளிது: கம்பெனியே அந்த உடலில் அந்த இன்ஜினை வைத்து விற்றிருக்கிறது. பிராக்கெட்டுகள் போல்ட் துளைக்குத் துளை பொருந்தும். மேனுவல் கியர் கார் என்றால் புரொபெல்லர் ஷாஃப்ட்டைக்கூட மாற்ற வேண்டாம். இன்ஜினுக்காக ஜப்பானில் காரின் முன்பாதியை மட்டும் அறுத்துக் கண்டெய்னரில் அனுப்புவார்கள். இதுதான் ஹாஃப் கட்; மலேசியத் தமிழர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இங்கேதான். இன்ஜின் ஒரு சனி ஞாயிறில் உள்ளே இறங்கிவிடும். ஓடவைக்கத்தான் மாதங்கள் ஆகும். ஜப்பானியக் காரில் ஸ்டியரிங் வலப்பக்கம். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி இடப்பக்கப் பயணியின் காலடியில். அமெரிக்கக் காரில் ஸ்டியரிங் இடப்பக்கம், பெட்டி வலப்பக்கம். வயரிங் அவ்வளவு தூரம் எட்டாது. ஒவ்வொரு கம்பியாகப் பிரித்து, நீட்டி, பற்றவைத்து, உறை போட வேண்டும். அரைகுறையாகப் பற்றவைத்த ஒரு இணைப்பு போதும். கார் சூடானதும் நிற்கும், ஆறியதும் ஓடும், மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் ஒழுங்காக இருக்கும். பிறகு இன்டர்கூலர், அதற்குக் குழாய்கள், பெட்ரோல் பம்ப், ரேடியேட்டர், ஏ.சி. லைன். நடுவழியில் ஏ.சி-யையே கைவிட்டவர்கள் ஏராளம்.

வாங்குகிற இன்ஜினிலும் ஏமாறலாம். எஸ்ஆர்20டிஇடி என்ற அதே பெயரில் நான்கு சக்கர இழுவைக்கான இன்ஜின்கள் நிஸானின் புளூபேர்டிலும் பல்சர் ஜிடிஐ-ஆரிலும் வந்தன. குறுக்குவாட்டில் உட்காரச் செய்த அந்த இன்ஜின்களை நீளவாட்டில் வைக்க சம்பு முதல் மேனிஃபோல்டு வரை மாற்ற வேண்டியிருக்கும். டேப்பட் கவர் சிவப்பா கறுப்பா என்று பார்த்து எந்த வருடத்து இன்ஜின் என்று சொல்வார்கள். ஒரு ஸ்ப்ரே டப்பா போதும், வருடத்தை மாற்ற. கவரைக் கழற்றி ராக்கர் ஆர்ம்களைப் பார்ப்பது நல்லது. அளவுக்கு மீறி ஆர்.பி.எம். ஏற்றினால் இடத்தை விட்டுக் கழன்றுபோவது அவற்றின் பிரசித்தமான பலவீனம்.

இவ்வளவையும் தாண்டினால் சட்டம். கலிஃபோர்னியாவில் மாற்றி வைக்கும் இன்ஜின் காரின் வருடத்தையோ அதற்குப் பிந்தைய வருடத்தையோ சேர்ந்ததாக இருக்க வேண்டும். அங்கே புகைச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். அதன் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உட்பட எல்லாக் கருவிகளும் கூடவே வர வேண்டும். தேறினால் கதவுத் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். எஸ்ஆர்20டிஇடி அமெரிக்காவில் விற்கப்பட்டதே இல்லை. எனவே தேறாது. ஆனால் அதே காரில் செவர்லே கார்வெட்டின் 5.7 லிட்டர் வி8-ஐ முறைப்படி வைத்தால் தேற வழி உண்டு. இரண்டு லிட்டர் குற்றவாளி, ஐந்தே முக்கால் லிட்டர் யோக்கியன்! கேட்க வேடிக்கைதான். ஆனால் விதி பார்ப்பது அளவை அல்ல, சான்றை.

டிரக் இன்ஜின் என்று ஏளனம் செய்யப்பட்ட கேஏ24-ஐ வெளியே எடுக்காமலே டர்போ பொருத்தியவர்களும் உண்டு. வார்ப்பிரும்பு பிளாக் ஓரளவு அழுத்தத்தைத் தாங்கிக்கொள்கிறது. வயரிங்கையும் பெரும்பாலும் தொட வேண்டியதில்லை. புகைச் சோதனைத் தலைவலி அவர்களையும் விடாது. இன்ஜின் மாற்றி, டிரிஃப்ட் செய்து, சுவரில் இடித்துத் தீர்ந்துபோன கார்கள் அநேகம். இன்று 240எஸ்எக்ஸ் வாங்கப் போகிறவர் கூடுதல் விலை கொடுப்பது, அந்த 155 குதிரைத்திறன் இன்ஜின் அப்படியே இருக்கும் காருக்குத்தான்.