கவட்டைக் கேரட்டுக்குக் காரணம் விதை மட்டுமா?

கொடைக்கானல் மலையில் மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் கேரட் பிடுங்கும்போது கவனித்துப் பாருங்கள். நேராக நீண்டவை மூட்டைக்குப் போகும். கவட்டையாகப் பிளந்தவையும் கட்டைவிரல் நீளத்தில் நின்றுபோனவையும் ஒதுக்கப்படும். பழி பெரும்பாலும் விதைமேல் விழும். கல், நூற்புழு என வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பிடுங்கிய குழியில் விரலை விட்டால் சில வயல்களில் இன்னொன்று தட்டுப்படும். மேலே பொலபொலவென்ற மண், அதற்கடியில் பலகைபோல் கெட்டிப்பட்ட அடுக்கு.

நல்ல மண்ணில் ஏறக்குறையப் பாதி வெற்றிடம்தான். ஈர மண்ணை மிதித்தால் முதலில் நசுங்குவது, காற்றை உள்ளே விட்டு நீரை வடியவைக்கும் பெரிய துளைகள். பிறகு நீர் தேங்கும், வேர் மூச்சுத்திணறும், போட்ட தழைச்சத்தில் ஒரு பகுதி வாயுவாகிக் காற்றோடு போய்விடும்.

மண் கெட்டியாக இருப்பதால் வேரால் துளைக்க முடியவில்லை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தோம். 2021இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் பிபின் பாண்டே குழுவினர் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு வேறொரு கதை சொன்னது. விருப்பாச்சி வாழையைப் பழுக்கவைக்கும் அதே எத்திலீன் வாயுவை வேர்நுனியும் வெளியிடுகிறது. தளர்ந்த மண்ணில் அது பரவிக் கலைந்துவிடும். இறுகிய மண்ணில் வெளியேற வழியின்றி வேரைச் சுற்றியே சேரும். அதை உணர்ந்த வேர் நீள்வதைக் குறைத்துக்கொண்டு தடிக்கிறது. எத்திலீனை உணராத நெல் வகையின் வேரோ அதே கெட்டி மண்ணுக்குள் இறங்கிப்போனது! வேர் தோற்று நிற்கவில்லை. எச்சரிக்கை கேட்டு நிற்கிறது.

டிராக்டர் ஏறாத படிக்கட்டு வயலில் மண் எப்படி இறுகும்? பவர் டில்லர் ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் ஓடினால் போதும். கொடைக்கானல் மலையில் இரண்டு பருவமழையும் உண்டு. மண் காயும் நாட்கள் குறைவு. விலை இருக்கும்போதே அடுத்த பயிரை ஊன்றும் அவசரத்தில் சேற்றிலேயே வேலை நடக்கிறது. உள்ளே இறங்காத மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடுகிறது. வரதமாநதி, குதிரையாறு அணைகளுக்கு நீர் தருவதும் இந்த மலைகள்தான். அரித்துவந்த மண் வண்டலாக அணைக்குப் போய்ச் சேர்வது பழனி வட்டார உழவர்களுக்கும் இழப்பு.

ஆழக் கொத்துவது மட்டும் தீர்வாகாது. தொழுவுரமும் பசுந்தாளும் சேராவிட்டால் மண் மறுபடி இறுகும். பாத்திக்குள் கால் வைக்காமல், நடக்கத் தனி வரப்பு விட வேண்டும். டில்லரை இறக்குமுன் ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்து உருட்டி, விரலால் அழுத்துங்கள். உதிர்ந்தால் உழலாம். களிபோல் நசுங்கினால் பொறுங்கள். சந்தையில் இரண்டு நாள் விலை கைநழுவிப் போகலாம். அடிமண் இறுகிவிட்டாலோ பல ஆண்டுகளுக்கு இளகாது.