மோட்டார் வண்டிக்குத் துளித்துளியாய் எண்ணெய் ஊட்டிய உபாயம்

இக்காலத்தில் கார் வைத்திருப்போரில் பெரும்பாலோர், அதன் அடிச்சட்டத்தில் எண்ணெய் வேண்டி நிற்கும் மூட்டுகள் ஒரு காலத்தில் டஜன் கணக்கில் இருந்தன என்பதையே அறியமாட்டார்கள். 1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் உற்பத்தியான ஃபோர்டு மாடல்-டி வண்டியில் ஸ்பிரிங் ஷாக்கிள்களுக்கும், முன் சக்கரங்கள் திரும்பும் முளைகளுக்கும், ஸ்டியரிங் மூட்டுகளுக்கும் 200 மைலுக்கு ஒரு முறை எண்ணெய் விட வேண்டியிருந்தது. வேறு பல வண்டிகளில் சிறு பித்தளைக் கிண்ணங்களில் கிரீஸை நிரப்பி, அவற்றின் மூடிகளைச் சாரதி அவ்வப்போது திருகிவிடுவான்; மண் சாலையின் புழுதியும் சேறும் படிந்த அடிச்சட்டத்தின் கீழே படுத்துக்கொண்டு செய்ய வேண்டிய அந்த வேலையில் ஒரு கிண்ணம் மறந்துபோனாலும், மூட்டினுள் புகுந்த மணல் எஃகையே அரைத்துத் தின்று, ஸ்டியரிங் ஆட்டம் காணத் தொடங்கிவிடும். பின்னர் வந்த ‘ஆலமைட்’ கிரீஸ் துப்பாக்கி, மிகுந்த அழுத்தத்தில் கிரீஸைச் செலுத்தி வேலையைச் சுலபமாக்கியதே தவிர, வண்டியின் கீழே ஊர்ந்து செல்லும் நிர்ப்பந்தத்தை நீக்கவில்லை.

மோட்டார் வண்டிகளுக்கு மின்சார ஸ்டார்ட்டர்கள் செய்து பெயர் பெற்றிருந்த ஜோசப் பிஜூர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர், 1920-களில் இப்பிரச்சினையை எடுத்துக்கொண்டார். ஒரு தொட்டியும் ஒரு பம்பும் வைத்து, மெல்லிய குழாய்களால் எல்லா மூட்டுகளையும் இணைத்துவிட்டால் போதாதா என்று நமக்குத் தோன்றும். போதாது, ஏனெனில் எண்ணெய் எப்போதும் தடை குறைந்த வழியையே நாடும். தேய்ந்து தளர்ந்த மூட்டும் பம்புக்கு அருகிலுள்ள மூட்டும் எண்ணெயை எல்லாம் குடித்துவிட, தொலைவில் இறுகிக் கிடக்கும் மூட்டு வறண்டே போகும்.

பிஜூரின் தீர்வு விரல் நுனியளவே உள்ள ஒரு ‘டிரிப் பிளக்’. அதன் வாயில் தூசியைத் தடுக்கும் கம்பளி ஃபெல்ட். உள்ளே நுண்ணிய துளையொன்றில் அதை ஏறக்குறைய அடைத்து நிற்கும் ஊசி. கடைசியில், ஊட்டாத நேரத்தில் எண்ணெய் ஒழுகிவிடாமல் மூடிக்கொள்ளும் சிறு வால்வு. துளைக்கும் ஊசிக்கும் இடையேயுள்ள இடைவெளி தரும் தடை, குழாயும் மூட்டும் சேர்ந்து தரும் தடையைவிடப் பன்மடங்கு அதிகமாகையால், மூட்டு தூரத்தில் இருந்தாலும் அருகில் இருந்தாலும், இறுகியிருந்தாலும் தளர்ந்திருந்தாலும், அதற்கென்று விதித்த பங்கு தவறாமல் போய்ச் சேரும். பம்பைவிட இந்தப் பிளக்கே இம்முறையின் உயிர் என்பது என் துணிபு.

பாக்கார்டு நிறுவனம் இதைத் தன் வண்டிகளில் பொருத்தியது. 1929-இல் வெளிவந்த ரோல்ஸ்-ராய்ஸ் ஃபாண்டம்-2 வண்டியில், சாரதி இருந்த இடத்திலிருந்தே காலால் மிதிக்கும் பெடலாக இது அமைந்தது. மிதித்த பெடல் மெள்ள மெள்ளவே மேலெழும். அதன் நிதானமே எங்கும் எண்ணெய் நுண்துளைகளின் வழியே போகிறது என்பதற்கு அத்தாட்சி. பெடல் சட்டென்று மேலே துள்ளினால் எங்கோ குழாய் உடைந்திருக்கிறது என்பதைச் சாரதி அறிந்துகொள்வான்.

ஆனால் அழுக்கு எண்ணெயை ஊற்றினால் ஃபெல்ட் அடைபட்டு, எவரும் அறியாமலே அந்த மூட்டு பட்டினி கிடக்கும். பிற்காலத்தில் ரப்பர் புஷ்களும், கிரீஸை உள்ளே வைத்தே மூடிவிட்ட மூட்டுகளும் வந்தபின் கார்களில் இதற்குத் தேவை குறைந்தது. எனினும் தொழிற்சாலை யந்திரங்களுக்கு எண்ணெய் ஊட்டும் பணியில் இம்முறை இன்றும் நிலைத்திருக்கிறது.

பழைய ரோல்ஸ்-ராய்ஸ், பென்ட்லி வண்டிகளைப் பேணுவோரில் சிலர், அடைபட்ட குழாய்களைக் கழற்றி எறிந்துவிட்டு கிரீஸ் நிப்பிள்களைப் பொருத்திவிடுகிறார்கள். அவ்வாறு செய்யவேண்டாம், புதிய பிளக்குகள் இன்றும் கிடைக்கின்றன, அவற்றை வாங்கி மாட்டிச் சுத்தமான எண்ணெயை ஊற்றுங்கள்.