கல்லீரலின் கதை – 9: ஐந்தாம் ஆண்டில் விலகிய கோடுகள்

பெருங்குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை வழியே முதலில் கல்லீரலுக்குள் நுழைந்து, சலிக்கப்பட்ட பிறகே மேலே செல்கிறது. அதனால்தான் பெருங்குடல் புற்றுநோய் இடம்பெயர்ந்தால் பெரும்பாலும் முதலில் கல்லீரலில் குடியேறுகிறது. வெட்டி எடுத்தாலும் கல்லீரல் வளர்ந்துகொள்ளும் என்று சென்ற வாரம் பார்த்தோம். ஆனால் கட்டிகள் இரு மடல்களிலும் சிதறிக் கிடந்தால், அத்தனையையும் வெட்டிய பின் மிஞ்சுவது உயிர்வாழப் போதாது. அப்படிப்பட்டவர்களுக்கு வெகுகாலம் கீமோ ஒன்றுதான் கதி.

1990களில் ஊசி வந்தது. ஸ்கேன் பார்த்துக்கொண்டே கட்டியின் நடுவில் ஊசிமுனையைக் கொண்டுபோய் நிறுத்தி, நொடிக்கு நான்கைந்து லட்சம் முறை திசை மாறும் மின்சாரத்தைச் செலுத்துவார்கள். ரேடியோ அலை அப்லேஷன் என்பது இதைத்தான். சூடு ஊசியிலிருந்து வருவதில்லை. சுற்றியுள்ள திசுவின் அயனிகள் முன்னும் பின்னும் ஆடி உராய்வதால் திசுவே சூடாகிறது. 60 டிகிரியில் செல்லின் புரதங்கள் உடனே உறைந்துவிடும். அப்படியானால் இன்னும் ஏற்றலாமே என்று தோன்றும். 100ஐத் தாண்டினால் நீர் ஆவியாகி, திசு கரியாகி, அந்தக் கரியே மின்சாரத்தை மறித்துவிடும். இங்கே நிதானம்தான் வித்தை.

இன்னொரு தொல்லை, பக்கத்தில் ஓடும் ரத்தம். 3 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான குழாய் ஒன்று கட்டியை உரசிப் போனால், ஆற்றங்கரை ஈரத்தில் அடுப்பு மூட்டிய கதைதான். ஓடும் ரத்தம் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விட, குழாயை ஒட்டிய செல்கள் பிழைத்துக்கொள்ளும். பின்னர் வந்த மைக்ரோவேவ் ஊசிகள் இந்த விஷயத்தில் மேல். எந்த ஊசியானாலும் 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டியில்தான் மருத்துவர்கள் நம்பிக்கையோடு கை வைக்கிறார்கள். கட்டியைச் சுற்றி அரை முதல் ஒரு சென்டிமீட்டர் நல்ல திசுவும் சேர்ந்து வேக வேண்டும்.

ஸ்கேனில் தெரிவதை மட்டுமே ஊசியால் சுட முடியும். தெரியாததைத் தேடிப் போகிறது கீமோ. ஆனால் பெரிய கட்டியை அதனால் முற்றாக அழிக்க முடிவது அபூர்வம். இரண்டும் சேரட்டுமே என்று யாருக்கும் தோன்றும். சேர்ப்பதில்தான் சிக்கல். கீமோ நன்றாக வேலை செய்தால் சின்னக் கட்டிகள் ஸ்கேனிலிருந்தே மறைந்துவிடும். நோயாளி வீட்டில் இனிப்பு வழங்குவார்கள், ஊசி போடுபவர் கவலைப்படுவார். மறைந்த இடத்தில் உயிருள்ள செல்கள் பல சமயம் மிச்சமிருக்கும், குறிபார்க்கத்தான் எதுவும் இராது. மாதக்கணக்கில் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றினால் கல்லீரலின் நுண்குழாய்கள் சேதமாகி அது நீலம் பாய்ந்துபோவதும் உண்டு. ஆகவே எப்போது நிறுத்தி எப்போது சுடுவது என்பதை அறுவை நிபுணர், கதிரியக்க நிபுணர், கீமோ மருத்துவர் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

சேர்த்தால் ஆயுள் கூடுமா? நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரு அணியாகப் பிரித்து இதைப் பார்த்த ஆய்வு ஐரோப்பாவில் நடந்தது. குளோக் என்று பெயர். 2002 முதல் 2007 வரை, வெட்ட முடியாத கல்லீரல் கட்டிகள் பத்துக்கும் குறைவாக இருந்த 119 பேர் சேர்ந்தார்கள். பெரிய ஆய்வாகத் திட்டமிட்டது, ஆள் சேராமல் இப்படிச் சுருங்கியது. 59 பேருக்குக் கீமோ மட்டும். 60 பேருக்குக் கீமோவோடு அப்லேஷன், தேவைப்பட்டால் வெட்டும் சேர்த்து.

2012இல் வெளிவந்த முதல் முடிவு சப்பென்றிருந்தது. 30 மாதத்தில் உயிரோடிருந்தவர்கள் சேர்க்கை அணியில் 61.7 சதவீதம், கீமோ அணியில் 57.6. இவ்வளவுதானா என்று மூடிவைத்திருக்கலாம். டச்சு அறுவை நிபுணர் தியோ ரூர்ஸும் சகாக்களும் தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். 2017இல் மறுபடி எழுதினார்கள். மூன்றாம் ஆண்டு வரை உயிரோடிருப்பவர்களைக் காட்டும் இரு அணிகளின் கோடுகளும் ஒட்டியே போகின்றன: சேர்க்கை அணி 56.9 சதவீதம், கீமோ அணி 55.2. ஐந்தாம் ஆண்டில் 43.1, 30.3. எட்டாம் ஆண்டில் 35.9, 8.9.

காரணம் இப்படி இருக்கலாம். முதல் மூன்றாண்டு இரு அணியையும் தாங்கியது கீமோதான். அது களைத்த பிறகுதான், கட்டியே இல்லாத கல்லீரலுக்கும் அடக்கிவைக்கப்பட்ட கட்டியுள்ள கல்லீரலுக்கும் உள்ள வித்தியாசம் வெளியே வந்தது.

இதைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் வேண்டாம் என்பேன். 119 பேர் சின்னக் கூட்டம். சேர்க்கை அணியில் பலருக்குச் சில கட்டிகள் வெட்டியும் எடுக்கப்பட்டன, பெருமை முழுவதும் சூட்டுக்குச் சேராது. கல்லீரலைத் தாண்டி நோய் பரவியவர்கள் இதில் சேர்க்கப்படவே இல்லை. நாளிதழ் விளம்பரத்தில் ‘ஊசியால் புற்றுநோய்க்கு முடிவு’ என்று படித்தால் அந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில்லறைக் கேள்விகள்தான்: எத்தனை கட்டி, எவ்வளவு பெரிசு, எந்தக் குழாயை ஒட்டி, வேறெங்காவது உண்டா.

இதுவரை சொன்னதில் சூடும் மருந்தும் முன்பின்னாகத்தான் வந்தன. மருந்தைக் கொழுப்புக் குமிழிகளில் அடைத்து ரத்தத்தில் விட்டு, ஊசி சூடேற்றிய இடத்தில் மட்டும் குமிழி உடையும்படி செய்தால்? கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோய் உள்ள 701 பேரிடம் அதையும் சோதித்தார்கள். பங்குச்சந்தை வரை பரபரத்த அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)