தமிழில் வந்த 'கிரேஸ் அனாடமி'

உலகப் புகழ்பெற்ற உடற்கூறு நூல் லண்டனில் வெளிவந்து 14 ஆண்டுகளில் தமிழுக்கு வந்துவிட்டது. அதற்குப் பின்பு நடந்ததுதான் சோகம்.

எம்.பி.பி.எஸ். முதல் வருடத்தில் மாணவர்களைத் தூங்கவிடாமல் செய்த புத்தகம் எது என்று எந்த டாக்டரைக் கேட்டாலும் 'கிரேஸ் அனாடமி'யின் பெயர் அடிபடும். 1858ல் முதல் பதிப்பு கண்ட இந்த நூல், 2020ல் 42வது பதிப்பைத் தொட்டது. ஆனால், 1872லேயே அது தமிழில் 'மனுஷ அங்காதிபாதம்' ஆகிவிட்டது என்ற விஷயம் டாக்டர்களிலேயே பலருக்குப் புதிய செய்தி.

மூல நூலின் கதையே சுவாரஸ்யமானது. லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையைச் சேர்ந்த ஹென்றி கிரே எழுதினார். அங்கேயே பணியாற்றிய ஹென்றி வான்டைக் கார்ட்டர் படங்களை வரைந்தார். மொத்தம் 363 படங்கள். அறுக்கப்பட்ட உடல்கள், உரிமை கோர யாருமில்லாத ஏழைகளுடையவை. 1832ல் பிரிட்டனில் வந்த சட்டம் அதற்கு வழி செய்திருந்தது. கார்ட்டர் செய்த புதுமை, ஒவ்வொரு எலும்பின், நரம்பின் பெயரையும் அதன் மீதே எழுதியது. மாணவன் எண்ணைப் பார்த்து, பிறகு பட்டியலைத் தேடி அலைய வேண்டியதில்லை. புத்தகம் வெற்றி பெற்றதற்குப் பாதிக் காரணம் இந்தப் படங்கள். ஆனால், தலைப்புப் பக்கத்தின் அச்சுப்படி வந்தபோது, கார்ட்டரின் பெயரைச் சிறிய எழுத்தில் போடச் சொல்லித் திருத்தினார் கிரே.

கார்ட்டர் சண்டை பிடிக்கவில்லை. 1858ல் கப்பலேறி பம்பாய் வந்துவிட்டார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியரானார். பின்னாளில் அதன் முதல்வரும் ஆனார். வெறுங்காலோடு வயலில் உழைப்பவர்களைத் தாக்கும் 'மதுரா பாதம்' என்ற நோயைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். நம் மதுரையின் பெயரால் வழங்கும் அந்த நோய்க்குப் பூஞ்சையே காரணம் என்று காட்டிய முன்னோடி அவர். கிரேயோ தன் புத்தகத்தின் புகழை அதிக நாள் அனுபவிக்கவில்லை. 1861ல் அம்மைக்குப் பலியானபோது அவருக்கு வயது 34.

இந்த நூலைத் தமிழுக்குக் கொண்டுவந்த முயற்சிக்குப் பின்னால் இருந்தவர் ஓர் அமெரிக்கர். மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன். 1847ல் அமெரிக்க மிஷனின் டாக்டராக யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியம் பார்த்தபடியே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். அதில் ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் படித்துத் தேறியவர்கள் அரசு உத்தியோகம் தேடிப் பறந்துவிட்டார்கள். கிராமத்து நோயாளிக்கு மிஞ்சியது ஏமாற்றம்தான். தமிழில் படித்தவன் தமிழ்க் கிராமத்திலேயே இருப்பான் என்று கணக்குப் போட்டார் கிரீன். மொழிப்பற்று அப்புறம், முதலில் இருந்தது இந்த நடைமுறைக் கணக்கு.

புத்தகம் இல்லாமல் வகுப்பு ஏது? 1850களில் கால்வின் கட்டரின் சிறிய உடற்கூறு நூலும், 'பிரசவ வைத்திய'மும் வந்தன. 1867ல் 'இரண வைத்தியம்'. ஐந்தாண்டு கழித்து 'மனுஷ அங்காதிபாதம்'. கிரேயின் நூலை அடிப்படையாகக் கொண்டு, ஹார்னர், ஸ்மித், வில்சன் ஆகியோரின் நூல்களிலிருந்தும் எடுத்துச் சேர்த்து, எண்ணூறு பக்கங்களைத் தாண்டியது அது. மொழிபெயர்ப்பில் கிரீனுக்குத் துணை நின்றவர்கள் அவரிடம் படித்த சாப்மன், டான்போர்த் போன்றவர்கள். பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அசல் யாழ்ப்பாணத் தமிழர்கள். மிஷன் பள்ளிப் பிள்ளைகளுக்கு அமெரிக்க நன்கொடையாளர்களின் பெயரைச் சூட்டுவது அன்றைய வழக்கம்.

உடம்பில் ஒரு மூலை விடாமல் பெயர் வேண்டும். கிரீன் குழுவினர் ஒரு வரிசை வைத்துக்கொண்டார்கள்: முதலில் தமிழில் தேடு; கிடைக்காவிட்டால் வடமொழி; அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லுக்கே தமிழ் உடுப்பு மாட்டிவிடு. அப்படித்தான் உடல் இயங்கும் விதத்தைச் சொல்லும் பாடம் 'சுகரணம்' ஆனது. கெமிஸ்ட்ரி 'கெமிஸ்தம்' ஆனது. தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஆனால், தலைமுதல் கால்வரை வர்ணிக்கும் கேசாதிபாதம் கேட்டு வளர்ந்த காதுக்கு 'அங்காதிபாதம்' அந்நியமாக இருந்திருக்காது. அடுத்த தலைமுறைக்கு உதவும் என்று சொற்பட்டியல்களையும் தனியே அச்சிட்டார்கள்.

கிரீன் 1873ல் ஊர் திரும்பினார். அப்போதும் கையை விட்டுப் பேனா போகவில்லை. வூஸ்டரில் உட்கார்ந்தபடியே தமிழ் நூல்களைத் தயாரித்தார். 'மனுஷ சுகரணம்' வந்தது 1883ல். மறு ஆண்டு இறந்தார். அவர் உருவாக்கிய டாக்டர்கள் 60 பேருக்கும் மேல். உருவான தமிழ் மருத்துவப் பக்கங்கள் நாலாயிரத்துக்கும் அதிகம். 'தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர்' என்று அவர் கல்லறையில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது.

ஆனால், ஆள் போனதும் வகுப்பும் தேய்ந்தது. 1870லேயே கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி திறந்துவிட்டது. அங்கே பாடம் ஆங்கிலத்தில். வேலைக்கும் அந்தப் படிப்புதான் செல்லும். சென்னையிலும் நிலைமை இதேதான். புத்தகம் எவ்வளவு நன்றாக இருந்தென்ன, அதைப் படித்தவனுக்கு உத்தியோகம் இல்லை.

இதன் விலையை உணர கோலார் தங்கவயலுக்குப் போக வேண்டும். சுரங்கக் கம்பெனியின் மருத்துவமனை இருந்தது சாம்பியன் ரீப்ஸில். பூமிக்கடியில் பாறை உடைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 1940களில் அங்கு 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது 43.7 சதவீதத்தினரின் நுரையீரலில் கல்தூசி படிந்து சிலிகோசிஸ் கண்டிருந்தது. குணப்படுத்த மருந்தில்லாத நோய். தொழிலாளியின் மார்புக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லும் மருத்துவ எழுத்து முழுக்க ஆங்கிலம். நுரையீரலை அவன் மொழியிலேயே விளக்கிய புத்தகமோ 70 ஆண்டுகளுக்கு முன்பே அச்சாகி, மறக்கப்பட்டுவிட்டது. அந்தச் சுரங்கங்கள் 2001ல் மூடப்பட்டன.

மத்தியப் பிரதேசம் 2022 அக்டோபரில் இந்தியில் எம்.பி.பி.எஸ். பாடநூல்களை வெளியிட்டபோது நாடெங்கும் விவாதம் சூடு பறந்தது. 2023 ஜனவரியில் தமிழ்நாடு பாடநூல் கழகம் சில மருத்துவ நூல்களின் தமிழாக்கத்தைக் கொண்டுவந்தது. 'கிரேஸ் அனாடமி'யின் மாணவர் பதிப்பும் அவற்றில் ஒன்று. மானிப்பாய் நூலுக்கும் இதற்கும் இடைவெளி 151 ஆண்டுகள். அங்காதிபாதம் இப்போது உடற்கூறியல் ஆகிவிட்டது. தேர்வுத் தாளை எந்த மொழியில் எழுதுவது என்ற பழைய பிரச்னை மட்டும் அப்படியே இருக்கிறது.